எங்கள் வீட்டுப் புல்லட்டின் பூர்வோத்தரம்

கோர்படியில் எங்கள் குடியிருப்பின் தாழ்வாரத்தைக் கடந்து செல்லும் அன்பர்கள் சென்ற பதினான்கு மாதங்களாக மண்ணெண்ணெய் வாடையையும் கம்பி பிரஷ்ஷின் ஓசையையும் பொறுத்துக்கொண்டு வந்துள்ளனர். முதற்கண் அவர்கட்கு எங்கள் நன்றி. சட்டம் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம், பிஸ்கட் டின்களில் திருகாணிகள் ஒரு பக்கம் எனப் பிரிந்து கிடந்த பழைய மோட்டார் சைக்கிளைக் கண்டு, "அந்த இங்கிலீஷ் வண்டி ஓடுமா?" என்று கேளாதவர் இலர். இவ்வொரு வினாவில் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. ஓடுமா என்பது ஒன்று. அதற்கு விடை சொல்ல வேண்டியது ஸ்பானர். அஃது இங்கிலீஷ் வண்டிதானா என்பது மற்றொன்று. அதற்கு விடை சொல்ல வேண்டியது சரித்திரம். பின்னதே எங்களுக்கு அதிக வேலை வைத்தது. ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட சங்கத்தாருக்கு அதனையே எழுதித் தருகின்றோம்.

வண்டி எங்கள் தந்தையாருடையது, 350 சி.சி. என்பீல்டு புல்லட். ஓய்வு பெற்ற ராணுவ வீரர் ஒருவரிடம் 1974-ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கினார். காலனியின் மூத்த குடும்பத்தார் அதனை நன்கறிவர். பொங்கலுக்குக் கரும்புக் கட்டும், நவராத்திரிக்குக் கொலுப் பலகைகளும், இவ்வாண்டு விழாவுக்கு ஆர்மோனியப் பெட்டியும் அதன் பின்புறக் காரியரில் ஏறி வந்தவையே. 1998-க்குப் பிறகு அது மாடிப்படியின் கீழ் நின்றுவிட்டது. தந்தையார் மறைந்த பின்னர் அதன்மேல் பழைய பாய்களும் உடைந்த நாற்காலியும் ஏறின.

அதனை வாங்கிக்கொள்ள இருவர் வந்தனர். முதலில் வந்தவர் பழைய இரும்பு வியாபாரி. எடைக்கு விலை சொன்னார். அடுத்து வந்தவர் பழைய வண்டிகளைச் சேகரித்து விற்பவர். அவர் சொன்ன விலை இரும்பு விலையைப் போல் பல மடங்கு. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். கார்புரேட்டர், வேகமானி, விளக்கு ஆகியவற்றை மாற்றி இங்கிலாந்துப் பாகங்களைப் பொருத்தி, "1955-இல் இங்கிலாந்தில் செய்தது" என்று சொல்லி விற்பதற்கு நாங்கள் உடன்பட வேண்டும். "இங்கிலீஷ் வண்டி என்றால்தான் மதிப்பு, மதராஸ் வண்டியை யார் கேட்கிறார்கள்?" என்றார். எங்கள் இளைய சகோதரருக்கு மகளின் கல்லூரிச் செலவு முன்னே நின்றது. ஆகவே மறுப்பது அத்துணை எளிதாக இருக்கவில்லை. இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் தாயார், "அது என்ன வண்டின்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. அப்புறம் விக்கிறதைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தெரிந்துகொள்ளப் புறப்பட்டது அப்படித்தான்.

தகரப் பெட்டியிலிருந்து பதிவுப் புத்தகத்தை எடுத்தோம். தயாரித்த ஆண்டு 1968. முதற்பதிவு மதராஸ் ராஜ்யம். தமிழ்நாடு என்னும் பெயர் 1969 சனவரி 14-இல்தான் நடைமுறைக்கு வந்தது. வண்டி அதற்கும் மூத்தது. சட்டத்திலும் இயந்திரத்திலும் பொறித்த எண்களைப் புத்தகத்தோடு ஒப்பிட்டோம், இரண்டும் ஒத்திருந்தன. 1968 என்னும் இந்த ஒரு தேதியே, பின்வரும் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு, எங்கள் வழக்குக்குத் தீர்ப்பாக அமைந்தது.

இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ரெட்டிச் என்றோர் ஊர் உண்டு. தையல் ஊசி செய்வதில் பேர்போன ஊர். அங்கே ஊசியில் தொடங்கிச் சைக்கிளுக்கு வந்து நொடித்துப்போன ஒரு தொழிலகத்தை 1891-இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்னும் இருவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டனர். என்பீல்டு என்னும் வேறோர் ஊரில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய பாகங்கள் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. அதனாலேயே தம் சைக்கிளுக்கும் அவ்வூரின் பெயரை இட்டனர். பீரங்கி முத்திரையும், துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்னும் விளம்பர வாசகமும் அவ்வழி வந்தவை. முதல் மோட்டார் சைக்கிளை 1901-இல் செய்தனர். புல்லட் என்னும் பெயர் 1932-இல் தோன்றியது. இரண்டாம் உலகப்போரில் பாராசூட் படையினரோடு விமானத்திலிருந்து கீழே இறக்கத்தக்க 125 சி.சி. சிறு வண்டியையும் ரெட்டிச் செய்தது. பறக்கும் தெள்ளுப்பூச்சி என்று அதற்குப் பட்டப்பெயர்.

நாம் இன்று புல்லட் என்று அறிகின்ற வடிவம் போருக்குப் பின் 1948, 1949-ஆம் ஆண்டுகளில் உருவாயிற்று. அதுவரை பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரம் சட்டத்தோடு அசைவின்றிப் பிணைக்கப்பட்டிருந்தது. சாலையின் மேடுபள்ளம் யாவும் ஓட்டுபவரின் முதுகெலும்பில் எழுதப்பட்டன. புதிய புல்லட்டில் பின்சக்கரத்தை மேலும் கீழும் அசையும் கரத்தில் பொருத்தி, இருபுறமும் ஸ்பிரிங் வைத்தனர். 1948-இல் இத்தாலியின் சான் ரெமோ நகரில் நடந்த ஆறு நாள் சோதனைப் பந்தயத்தில் வென்ற பிரிட்டிஷ் அணியில் இவ்வண்டிகள் இரண்டு இருந்தன. கரடுமுரடான தடத்தில் ஆறு நாள் ஓடித் தேறிய வண்டி என்னும் பேர் அதற்குக் கிட்டியது.

அந்தப் பேர்தான் அதனை இந்தியாவுக்கு அழைத்து வந்தது. விடுதலைக்குப் பின் எல்லைக் காவலுக்கும் தூதுச் செய்தி கொண்டு செல்வதற்கும் தாங்கக்கூடிய வண்டி ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் ராணுவத்தின் ஆணையைப் பெற்றுப் புல்லட்டைத் தருவித்துக் கொடுக்கலாயினர். தென்மண்டல ராணுவத் தலைமையகம் அமைந்த நம் புனேயில் பச்சை வண்ணப் புல்லட்டைக் காணாத கண்கள் குறைவு.

முழு வண்டியாகக் கப்பலில் இறக்குவது அந்நியச் செலாவணிக்கு ஆகாது. உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பது அக்காலத்து அரசின் கொள்கை. எனவே 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் கூடி என்பீல்டு இந்தியா நிறுவனத்தை அமைத்தன. தொழிற்சாலைக்கு இடமாக வாய்த்தது திருவொற்றியூர். தியாகராசர் கோயிலாலும் பட்டினத்தார் சமாதியாலும் தமிழர் அறிந்த கடற்கரை ஊர். காதற்ற ஊசியைப் பற்றிப் பேசியவர் அடங்கிய ஊருக்கு ஊசி செய்யும் ஊரிலிருந்து ஓர் இயந்திரம் வந்து சேர்ந்ததை எண்ணி நாங்கள் ஒருநாள் சிரித்ததுண்டு. 1956-இல் தொழிற்சாலை வேலை தொடங்கி, அவ்வாண்டு முடிவதற்குள் 163 வண்டிகள் வெளிவந்தன. இவை கப்பலில் பாகங்களாக வந்து, இங்கே பூட்டப்பட்டவை. 1957-இல் பாகங்களைச் செய்யும் கருவிகளையே ரெட்டிச்சிலிருந்து விலைக்கு வாங்கினர். 1960-களின் தொடக்கத்தில் அநேகமாக எல்லாப் பாகங்களும் இந்நாட்டிலேயே ஆயின.

தாயகத்தில் நடந்தது வேறு கதை. புதிய வடிவங்கள், புதிய பெயர்கள் எனப் புல்லட் அங்கே 1960-களின் தொடக்கத்திலேயே பின்தள்ளப்பட்டது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. எஞ்சியிருந்த உற்பத்தியும் 1970-இல் நின்றது. எங்கள் வண்டி பிறந்ததோ 1968. ஆகவே அதனை இங்கிலாந்தில் செய்தது என்று சொல்வது, ஆலை மூடிய மறு ஆண்டில் அவ்வாலையில் ஆள் வேலை செய்ததாகச் சொல்வதற்கு ஒப்பாகும். 1955 என்று சொல்வதானால் பதிவுப் புத்தகத்தை மறைக்க வேண்டும். எண்களை அராவ வேண்டும். சேகரிப்பாளர் கேட்டது அவ்வளவு பெரிய பொய் என்பது அதுவரை எங்களுக்கே தெரியாது. மேலும் ஒன்று சொல்வோம். 1977 முதல் சென்னைப் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. தம் நாட்டில் வழக்கொழிந்த வண்டியை அந்நாட்டார் திருவொற்றியூரிலிருந்து வரவழைத்து ஓட்டினர். மதராஸ் வண்டியை யார் கேட்கிறார்கள் என்றவருக்கு இதைவிட நேரான விடை இல்லை.

இருபது, முப்பது ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே வடிவத்தில் சென்னையில் புல்லட் செய்யப்பட்டு வந்ததற்குப் பழைமை போற்றல் மட்டும் காரணமென்று சொல்லிவிடலாகாது. இறக்குமதி தடுக்கப்பட்டிருந்தது, போட்டி சொற்பம். மைசூரில் 1961 முதல் ஜாவாவும், சிறிது பின்னர் எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத்தும் வந்தன. அவை இலகுவான வண்டிகள். கனமான நான்கு ஸ்டிரோக் வண்டி வேண்டுமெனில் புல்லட்டைத் தவிர வேறு போக்கில்லை. வாங்குவோருக்குத் தேர்வு இல்லாத இடத்தில் செய்வோருக்கு மாற்ற வேண்டிய அவசரமும் இல்லை. எண்ணெய் கசிகிறது என்று முறையிட்டவர்கள் எத்தனை பேரோ! ஆனால் அந்தக் குறையின் மறுபக்கமாக ஒரு நன்மை விளைந்தது. 1968 வண்டிக்கு வேண்டிய பாகத்தைப் பின்வந்த ஆண்டுகளின் வண்டியிலிருந்து எடுத்துப் பூட்டலாம். புனே நானாப் பேட்டையிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் அலைந்து திரிந்தால் அநேகமாக எல்லாம் அகப்படும். எங்களைப் போன்றவர்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இவ்வேலையைச் செய்ய முடிந்தது இதனாலேதான். இங்கிலாந்திலேயே பிறந்து மறைந்த பல வண்டிகளுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

இனி வேலையைப் பற்றிச் சில சொல்வோம். முதல் மாதத்திலேயே ஒரு பாடம் கற்றோம். இன்றைய மெட்ரிக் ஸ்பானரைக் கொண்டு பழைய நட்டுகளைத் திருகினோம். ஸ்பானர் வழுக்கி இரண்டு நட்டுகளின் மூலைகள் மழுங்கிப் போயின. இந்தியா 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் அளவுக்கு மாறியது. புல்லட்டின் வடிவமோ அங்குலக் கணக்கில் பிறந்தது. ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயர் 1841-இல் திருகாணிப் புரிகளுக்கு வகுத்த முறையும், சைக்கிள் தொழிலுக்கு உரிய, அங்குலத்துக்கு 26 புரி கொண்ட நுண்புரியும் அதில் கலந்து வருகின்றன. விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் நட்டின் அகலத்தைக் குறிப்பதன்று. போல்ட்டின் தடிப்பைக் குறிப்பது. இதனை அறியாமல் அரை அங்குல நட்டுக்கு அரை அங்குல ஸ்பானர் என்று தேடி ஏமாந்தோம். தந்தையாரின் கருவிப் பையில் விட்வொர்த் ஸ்பானர்கள் நான்கு இருந்தன. மீதியை ஞாயிறுதோறும் ஜூனா பஜாரில் துழாவிச் சேர்த்தோம். துருப்பிடித்த குவியலில் வேண்டிய அளவு கிடைத்த நாளில் அடைந்த மகிழ்ச்சியைச் சம்பள நாளில்கூட அடைந்ததில்லை.

பெட்ரோல் டேங்கின் உட்புறம் முழுதும் துரு. சிறு நட்டுகளையும் தண்ணீரையும் உள்ளே இட்டு மூடி, எங்கள் மகன் நாள்தோறும் மாலையில் அரைமணி நேரம் குலுக்கினான். பன்னிரண்டு நாளில் தண்ணீர் தெளிந்தது. இயந்திரத்தைத் திறந்தபோது கண்ட அமைப்பு எங்களை வியக்க வைத்தது. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். ஆகக் கொள்ளளவு 346 சி.சி. அகலத்தைவிட நீளம் மிகுந்திருப்பதால் இயந்திரம் நிதானமாகச் சுழன்று, குறைந்த வேகத்திலும் இழுக்கிறது. அந்த டப் டப் ஓசையின் இரகசியத்தில் பாதி இங்குதான் இருக்கிறது. 18 குதிரைச் சக்திதான். ஆயினும் கரும்புக் கட்டோடு காட்டை ஏறும். எண்ணெய்க்குத் தனித் தொட்டி வெளியே இல்லை. இயந்திரத்தின் அடிப்பெட்டியிலேயே ஓர் அறை ஒதுக்கி, அனுப்ப ஒரு பம்பும் திரும்ப இழுக்க ஒரு பம்பும் வைத்துள்ளனர்.

சிலிண்டர் தேய்ந்திருந்தது. அதனைச் சற்றே அகலக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது முறை. அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு போதும் என்று எழுதிக் கொடுத்து ஒரு லேத்துப் பட்டறையில் ஒப்படைத்தோம். பட்டறையின் பெயர் வேண்டா. நாற்பது பங்கு கடைந்து கொடுத்தனர். "அதற்கும் பிஸ்டன் கிடைக்கும்" என்பது அவர்கள் சமாதானம். கிடைத்தது உண்மையே. ஆனால் இரும்பைச் சீவியபின் ஒட்டுவதற்கில்லை. அச்சிலிண்டருக்கு இருந்த மறுபிறவிகளில் ஒன்று வீணாயிற்று. இனி எவரேனும் இவ்வேலையில் இறங்கினால், கடையும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டுமென்று சொல்லி வைக்கின்றோம்.

வால்வுகளை அரைபசை இட்டுக் கையால் தேய்த்துப் பதித்து, துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுதும் கசியாதிருக்கிறதா என்று பார்த்தோம். மூன்றாம் இரவில் கசிவு நின்றது. டாப்பட் இடைவெளி பற்றி எங்களுக்குள் பெரிய விவாதம். மற்ற வண்டிகளில் மெல்லிய தகடு நுழையும் இடைவெளி விடுவர். இதில் இயந்திரம் குளிர்ந்திருக்கையில் இடைவெளியே கூடாது. தள்ளுகோல் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவே.

முதன்முறை கிக்கரை மிதித்தபோது அது திருப்பி உதைத்ததில் எங்கள் கணுக்கால் ஒரு வாரம் வீங்கியது. தந்தையார் மிதிக்கும் முறையைச் சிறுவயதில் பார்த்திருந்தும் அதன் காரணத்தை அப்போது உணரவில்லை. விளக்கின் மேற்புறத்தில் அம்மீட்டர் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால் அதன் முள் ஓரிடத்தில் நடுவுக்கு வந்து நிற்கும். அப்போது இடக்கைப் பக்கத்துச் சிறு லீவரை இழுத்துச் சிலிண்டரின் அழுத்தத்தை வெளிவிட்டு, கிக்கரை இன்னும் சிறிதளவு இறக்கி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. தந்தையார் வண்டியின் முன் ஒரு கணம் தலைகுனிந்து நிற்பதைக் கண்டு, அவர் முருகனை வேண்டிக்கொள்கிறார் என்று சிறுவயதில் நம்பியிருந்தோம். அவர் பார்த்தது அம்மீட்டரின் முள்ளை! மகன் அம்முறைப்படி மிதித்தான். நான்காம் மிதியில் இயந்திரம் உயிர்த்தது. பக்கத்து வீடுகளின் கதவுகள் திறந்தன. எங்கள் தாயார் உள்ளிருந்தபடியே, "சத்தம் கொஞ்சம் முந்துது. அவர் வச்சிருந்தப்போ இன்னும் நிதானமா இருக்கும்" என்றார். காண்டாக்ட் பாயிண்டைச் சோதித்தோம். தீப்பொறி உண்மையிலேயே சற்று முந்தியிருந்தது.

எஞ்சியது அசல் எது என்னும் கேள்வி. மத்திய அரசு 2021-இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாதிருக்கும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு வகுத்துள்ளது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு எண்ணில் வி.ஏ. என்னும் எழுத்துகள் இடம்பெறும். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கும் அவை போன்ற சில தேவைகளுக்குமே சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டலாகாது. எங்கள் வண்டிக்கு வயது போதும். எனினும் கரும்பு சுமந்த வண்டியைக் கண்காட்சிப் பொருளாக்க மனம் வரவில்லை. ஆகவே சாதாரணப் பதிவையே புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கின்றோம். சேகரிப்பாளருக்கு இல்லையென்று சொல்லியாயிற்று. இளைய சகோதரரின் பங்கை மாதத் தவணையாகக் கொடுத்து வருகின்றோம். அவரும் சென்ற மாதம் வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தார். வலக்காலில் கியரும் இடக்காலில் பிரேக்கும் உள்ள வண்டி என்பதை மறந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் கியரை மிதித்துவிட்டார். சேதம் ஒரு பூந்தொட்டி.

காரியரைப் பற்றியும் ஐயம் எழுந்தது. அது தொழிற்சாலையில் வந்ததன்று; தந்தையார் இங்கே செய்து பூட்டியது. அசல் என்று பிடிவாதம் பிடித்தால் கழற்ற வேண்டும். ஆயினும் இவ்வண்டி தொழிற்சாலையில் இருந்தது சில நாட்கள். அந்தக் காரியரோடு ஓடியது இருபது ஆண்டுகளுக்கு மேல். போல்ட் போட்டு மாட்டியதே ஆதலால் சட்டத்துக்குக் கேடில்லை, வைத்துக்கொண்டோம். டேங்கில் இழுக்க வேண்டிய பொன்னிறக் கோடுகள் இன்னும் பாக்கி. திருவொற்றியூரில் அவற்றைக் கையாலேயே தூரிகை பிடித்து வரைந்தனர். ஸ்டிக்கர் ஒட்ட எங்களுக்கு விருப்பமில்லை. பழைய பெயர்ப்பலகை ஓவியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மழைக்காலம் கழியட்டும் என்று சொல்லியிருக்கிறார்.

அவருக்குக் காட்டத்தான் ஒரு புகைப்படம் வேண்டும். கோடு டேங்கின் விளிம்பையொட்டி எவ்விடத்தில் வளைந்தது என்பது எங்கள் எவர் நினைவிலும் தெளிவாக இல்லை. பழைய வண்ணத்தைச் சுரண்டியபோது அடையாளமும் போய்விட்டது. அஃது எங்கள் தவறு. 1980-களின் பொங்கல் விழா, ஆண்டு விழாப் படங்கள் காலனியில் பல வீடுகளில் இருக்கக்கூடும். அவற்றுள் ஏதேனும் ஒன்றில் பந்தல் ஓரமாகவோ, குழந்தைகளின் பின்னாலோ அவ்வண்டி இடப்பக்கம் தெரிய நின்றிருந்தால், அப்படத்தை இரண்டு நாட்களுக்கு இரவல் தந்துதவுமாறு வேண்டுகின்றோம். மாலை ஆறு மணிக்கு மேல் தாழ்வாரத்தில் இருப்போம்.